செத்த பொடிக்கு நான் செய்த சிபாரிசு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் படித்தது பி.காம். டெபிட், கிரெடிட் தெரியும். வேர், தண்டு, பூசணம் எல்லாம் தெரியாது. அப்படிப்பட்டவன் மண்ணில் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றி எழுதலாமா என்று கேட்டால், எழுதக்கூடாதுதான். ஆனால் 2024 மே மாதம் இதே விஷயத்தைப் பற்றி ஒரு கூட்டத்தில் மைக் பிடித்துப் பேசியிருக்கிறேன். அந்தப் பேச்சுக்கான விலையை இன்னொருவர் கொடுத்தார். அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது வடகர்நாடகத்தில், கலபுரகி பக்கம். பழைய பெயர் குல்பர்கா என்றால் உடனே புரியும். நம் வீட்டு சாம்பாரில் கொதிக்கும் துவரம்பருப்பில் கணிசமான பங்கு இந்தக் கரிசல் மண்ணிலிருந்து வருகிறது. இந்த ஊர்த் துவரைக்கு 2019ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஜூன், ஜூலையில் விதைத்தால் டிசம்பர், ஜனவரியில் அறுவடை. பெரும்பாலும் மானாவாரி. என் கிளையில் இருக்கும் பயிர்க்கடனில் முக்கால்வாசி இந்த ஒரு பயிரை நம்பித்தான் இருக்கிறது. ஆகவே துவரைக்குத் தும்மல் வந்தால் எனக்குக் காய்ச்சல் வரும்.

தும்மலின் பெயர் வாடல் நோய். இங்கே 'நெட்டே ரோகம்' என்கிறார்கள். பியூசேரியம் உடம் என்ற பூசணம் செய்யும் வேலை. இந்தப் பெயரை வைத்தவர் இ.ஜே. பட்லர். பீகாரில் பூசாவில் இருந்த ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டு 1910ல் வைத்தார். அதாவது எதிரி யார் என்று நமக்குத் தெரிந்து நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. மண்ணில் காத்திருக்கும் பூசணம் வேர் வழியாக உள்ளே போய், தண்ணீர் ஏறும் குழாய்களை அடைத்துவிடும். செடி நன்றாகத்தான் வளரும். பூவெடுக்கும் சமயம், காய் பிடிக்கும் சமயம் பார்த்து திடீரென்று தலை தொங்கும். மண்ணில் ஈரம் இருக்கும், செடியில் உயிர் இருக்காது. தண்டின் அடியிலிருந்து ஊதா நிறத்தில் ஒரு பட்டை மேலே ஏறியிருக்கும். தண்டைப் பிளந்து பார்த்தால் உள்ளே கறுப்புக் கோடு. 2022-23 பருவத்தில் இந்த மாவட்டத்தில் ஏக்கர் ஏக்கராக இப்படிக் காய்ந்து, மாநில அரசு நிவாரணம் அறிவிக்கும் அளவுக்குப் போனது.

இதில் கொடுமை என்னவென்றால், செலவெல்லாம் செய்து முடித்த பிறகுதான் நோய் கண்ணுக்குத் தெரியும். உழவு, விதை, களை, உரம், மருந்து எல்லாம் முடிந்து, இனி வரவு மட்டும்தான் என்று இருக்கும்போது கை கழுவிவிடும். காய் பிடிக்கும் முன்பே வாடினால் அந்தச் செடியில் ஒரு பருப்புகூடத் தேறாது. அந்த நேரத்தில் எந்த மருந்தைக் கொண்டுபோய் ஊற்றினாலும் வீண். செத்துப்போன செடியின் வேரிலும் கட்டையிலும் பூசணம் மூன்று வருடம்வரை படுத்துக் கிடக்கும். நாங்கள் வாராக்கடன் என்கிறோமே, அதே ஜாதி.

சரி, என் கதைக்கு வருவோம்.

மைக் கிடைத்தால் மேலாளர் பேசுவார்

2024 மே மாதம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் விவசாயிகள் கூட்டம். கிசான் கார்டு புதுப்பிப்பு, காப்பீடு என்று வழக்கமானதைப் பேசிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். அதற்கு முந்தின வாரம்தான் டிரைக்கோடெர்மா பற்றி ஒரு கையேடு படித்திருந்தேன். படித்ததை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? 'ரசாயனம் வேண்டாம், இந்தப் பொடி வாங்குங்கள், கிலோ இருநூறு ரூபாய்க்குள்தான், மண்ணுக்கு நல்லது, வாடல் வராது' என்று பத்து நிமிஷம் பேசினேன். கை தட்டினார்கள். 'வாடல் வராது' என்று சொன்னது இப்போது நினைத்தாலும் காது கூசுகிறது. எந்தப் புத்தகத்திலும் அப்படி எழுதியிருக்கவில்லை. 'குறைக்கும்' என்றுதான் போட்டிருந்தது.

கூட்டத்தில் ஒரு பெரியவர் இருந்தார். ஆறு ஏக்கர் நிலம். நம் கிளையில் பத்து வருடமாகக் கடன் வாங்கி, தேதி தவறாமல் கட்டுகிறவர். (இங்கே பெரியவர்களை மரியாதையாக 'காகா' என்று கூப்பிடுவார்கள். எனக்கு முதல் ஆறு மாதம் வாயே வரவில்லை. நம்மூரில் ஒருத்தரை அப்படிக் கூப்பிட்டால் என்ன ஆகும்? :-) ) அந்தக் காகா மறுவாரமே கடைக்குப் போய் ஆறு கிலோ பொடி வாங்கி, விதையோடு கலந்து, மீதியை மண்ணில் போட்டு விதைத்தார். எனக்கு இது தெரியாது.

நவம்பர் கடைசியில் கிளைக்கு வந்தார். கையில் வேரோடு பிடுங்கிய நாலு துவரைச் செடி. மேஜைமேல் வைத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சாஹேப்ரே, நீங்க சொன்ன பொடிதான் போட்டேன். ரெண்டு ஏக்கர் போச்சு."

வேறொன்றும் சொல்லவில்லை. நான் டீ சொன்னேன். குடித்துவிட்டுப் போய்விட்டார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதுதானே நமக்குத் தெரிந்த ஒரே வேலை. ஏக்கருக்கு 4 குவிண்டால் என்று குறைத்தே வைத்தாலும் 2 ஏக்கருக்கு 8 குவிண்டால். 2024-25க்கான குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,550 ரூபாய். ஆக 60,400 ரூபாய். காப்பீடு இருக்கிறதே என்பீர்கள். அது தனி ஒருவரின் வயலைப் பார்ப்பதில்லை. பஞ்சாயத்தின் சராசரி மகசூலைப் பார்க்கும். சராசரி நன்றாக இருந்தால் இந்த 2 ஏக்கர் யார் கணக்கிலும் வராது.

பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதவீதம். தேதிக்குள் கட்டினால் 3 சதவீதம் திரும்பக் கிடைத்து 4 ஆகிவிடும். காகா அந்தத் தேதியை விட்டுவிட விரும்பவில்லை. மார்ச்சில் மனைவியின் வளையல்களைக் கொண்டுவந்து நம் கிளையிலேயே அடகு வைத்துப் பயிர்க்கடனைக் கட்டினார். பயிர்க்கடன் வரவு வைத்த சீட்டிலும் என் கையெழுத்து, நகைக்கடன் சீட்டிலும் என் கையெழுத்து. என் ரிப்போர்ட்டில் இரண்டுமே நல்ல கணக்குகள்!

அந்தப் பாக்கெட்டின் ஜாதகம்

காகா வந்துபோன மறுநாளே அவர் வீட்டுக்குப் போய் மிச்சமிருந்த காலிப் பாக்கெட்டை வாங்கிப் பார்த்தேன். தயாரித்த மாதம் 2023 அக்டோபர். ஆறு மாதத்துக்குள் பயன்படுத்தவும் என்று ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். அதாவது ஏப்ரலோடு கெடு முடிந்துவிட்டது. அவருக்கு விற்றது ஜூனில். கடைக்குப் போனேன். (எந்தக் கடை, எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். ஒரு கடையின் கதை இல்லை இது.) அதே தேதி போட்ட பாக்கெட்டுகள் நவம்பரிலும் அலமாரியில் இருந்தன! கடையின் பின்கட்டு, மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. இந்த ஊர் மே மாத வெயில் 42 டிகிரியைத் தொடும். கூரைக்கு அடியில் எவ்வளவு இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒரு பாக்கெட்டைக் காசு கொடுத்து வாங்கி, எனக்குத் தெரிந்த ஒரு வேளாண் விஞ்ஞானியிடம் கொடுத்தேன். அவர்கள் செய்யும் சோதனை எளிமையானது. ஒரு கிராம் பொடியைத் தண்ணீரில் கரைத்து, பத்து மடங்கு பத்து மடங்காக நீர்க்கச் செய்து, கண்ணாடித் தட்டில் ஊட்டக் கூழின்மேல் தடவி, சில நாள் கழித்து எத்தனை புள்ளி முளைத்திருக்கிறது என்று எண்ணுவது. சட்டப்படி டிரைக்கோடெர்மாப் பொடியில் கிராமுக்குக் குறைந்தது 20 லட்சம் உயிர் இருக்கவேண்டும். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாப் பொடி என்றால் 10 கோடி. எனக்குக் காட்டிய தட்டில் எண்ணுவதற்கு ஒன்றும் பெரிதாக இல்லை. "சார், நீங்க வாங்கினது முகப்பவுடர்" என்றார் அவர். அது வெறும் கிண்டல் இல்லை. இந்தப் பொடிகளில் பெரும்பகுதி டால்க் மாவுதான். உயிர் போய்விட்டால் மிச்சம் இருப்பது அதுதான்.

அவர் இன்னொன்றும் கேட்டார். "விதை என்ன கலர்ல இருந்தது?"

ரோஸ் கலர். காகா வாங்கியது ஏற்கெனவே பூசணக்கொல்லி பூசி வந்த விதை. பையைத் தேடி எடுத்துப் படித்தால் கார்பன்டாசிம். அது பூசணத்தைக் கொல்லும் மருந்து. டிரைக்கோடெர்மாவும் பூசணம்தான். நல்ல பூசணம், கெட்ட பூசணம் என்று மருந்துக்கு வித்தியாசம் தெரியாது. அதாவது பொடி உயிரோடு இருந்திருந்தாலும், விதையின்மேல் தடவிய பங்கு அங்கேயே செத்திருக்கும். சூடோமோனாஸ் பாக்டீரியா என்பதால் அதற்கு இந்த மருந்தால் அவ்வளவு பிரச்சினை இல்லை. இந்த ஒரு வரியை நான் அன்றைக்குக் கூட்டத்தில் சொல்லவில்லை. தெரிந்திருந்தால்தானே சொல்வதற்கு?

அப்படியானால் எல்லாம் ஏமாற்றா?

இந்த இடத்தில் நிறையப் பேர் 'பார்த்தீங்களா, உயிரியல் மருந்து எல்லாம் டுபாக்கூர்' என்று முடித்துவிடுவார்கள். காகாவின் ஊரில் அப்படித்தான் முடித்துவிட்டார்கள். என்னுடைய வருத்தமே அதுதான். ஏனென்றால் விஷயம் உண்மையானது.

1932ல் ரிச்சர்ட் வைண்ட்லிங் என்பவர், மண்ணில் இருக்கும் டிரைக்கோடெர்மா மற்றப் பூசணங்களைத் தின்கிறது என்று எழுதினார். பெனிசிலின் கண்டுபிடித்து நாலே வருடம்தான் ஆகியிருந்தது அப்போது. டிரைக்கோடெர்மாவின் இழை எதிரியின் இழையைச் சுற்றிக்கொள்ளும், கொடி கம்பைச் சுற்றுவதுபோல. பிறகு எதிரியின் உடல் சுவரைக் கரைக்கும் நொதிகளை விட்டு, துளை போட்டு, உள்ளே இருப்பதை உறிஞ்சிவிடும். இது ஒரு வழி. வேரைச் சுற்றியிருக்கும் இடத்தையும் சாப்பாட்டையும் முதலில் போய்ப் பிடித்துக்கொள்வது இன்னொரு வழி. ரயிலில் துண்டு போட்டு சீட் பிடிப்போமே, அதேதான். சூடோமோனாஸ் இன்னும் கெட்டிக்காரப் பயல். மண்ணிலிருக்கும் இரும்புச்சத்தை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும், பூசணம் இரும்பில்லாமல் வாடும். எதிரிக்கு ஆகாத சில பொருட்களையும் சுரக்கும். இதையெல்லாம்விட எனக்கு ஆச்சரியமாக இருந்தது, வேரில் இவை குடியேறினால் செடியே உஷாராகி, தன் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பிக்கொள்கிறது என்பதுதான். வேரில் தொட்டால் இலை வரைக்கும் செய்தி போகிறது.

நம்மாட்களுக்கும் இதில் பங்கு உண்டு. கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பி. வித்யாசேகரனும் உடன் வேலை பார்த்தவர்களும் சூடோமோனாஸை டால்க் மாவில் கலந்து பொடியாக்கி, 1995ல் கொண்டைக்கடலை வாடலுக்கும் 1997ல் இதே துவரை வாடலுக்கும் பயன்படுவதை ஆராய்ச்சிக் கட்டுரைகளாக வெளியிட்டிருக்கிறார்கள். சோதனைக்கூடத்தில் இருந்த கிருமியை ஒரு விவசாயி கையில் எடுத்து விதையில் பூசும்படி செய்தது அந்த மாவுதான். கோவையில் செய்த வேலை கலபுரகித் துவரைக்கு உதவும் என்றால் எனக்குப் பெருமைதான். அந்த வேலை ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில் சாவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

பால் பாக்கெட்டா, சிமெண்ட் மூட்டையா?

என் கருத்து இதுதான். நாம் பால் பாக்கெட் மாதிரி விற்கவேண்டிய ஒன்றை சிமெண்ட் மூட்டை மாதிரி விற்றுக்கொண்டிருக்கிறோம்.

யூரியா மூட்டையை இரண்டு வருடம் நனையாமல் வைத்திருந்தால் அது யூரியாவாகவே இருக்கும். ரசாயன மருந்தும் அப்படித்தான், ஏறத்தாழ. அந்தப் பொருட்களுக்காக உருவான கடை, அந்தப் பொருட்களுக்காக உருவான கிடங்கு, அந்தப் பொருட்களுக்காக உருவான கமிஷன். அதே வரிசையில் ஒரு உயிரைக் கொண்டுபோய் அடுக்கிவிட்டோம். டிரைக்கோடெர்மாவுக்குப் பிடித்தது 25, 30 டிகிரி. டால்க் பொடியில் நாலு மாதம் போனாலே எண்ணிக்கை குறைய ஆரம்பிக்கும். விதைப்பு ஜூனில். அப்படியானால் பொடி தயாராக வேண்டியது ஏப்ரல், மேயில். ஆனால் கம்பெனிக்கு வருடம் முழுவதும் ஆலை ஓடவேண்டும், வியாபாரிக்கு சீசனுக்கு முன்பே சரக்கு இறங்கவேண்டும். நடுவில் வருவது கோடை. இந்தக் காலண்டரில் உயிர் பிழைத்தால்தான் அதிசயம்.

இதில் இன்னொரு வசதி வேறு. ரசாயன மருந்து போலி என்றால் பூச்சி சாகாது, மூன்றாம் நாள் தெரிந்துவிடும். செத்த டிரைக்கோடெர்மா போலி என்று தெரிய ஐந்து மாதம் ஆகும். அப்போதும் 'மழை அதிகம்', 'உங்க மண் சரியில்லை', 'நீங்க லேட்டா போட்டீங்க' என்று ஆயிரம் காரணம் சொல்லலாம். ஆடிட்டில் நாங்கள் சொல்வோம், எங்கே தப்பு கண்டுபிடிக்க நேரம் அதிகமாகிறதோ அங்கேதான் தப்பு அதிகம் நடக்கும் என்று. இது அதற்கென்றே செய்த பொருள்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. நோயைக் கட்டுப்படுத்தும் என்று சொல்லி விற்கும் நுண்ணுயிருக்கு 1968ம் வருடப் பூச்சிமருந்துச் சட்டத்தின் கீழ் பதிவு வேண்டும். ஆனால் மண்ணுக்கு உரமூட்டும் உயிர் உரங்கள் 2006லிருந்து உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் வருகின்றன. இரண்டுக்கும் நடுவில் 'பயோ', 'பவர்', 'கோல்டு' என்ற பெயர்களில் வருகிற டப்பாக்களை எந்தக் கணக்கில் எழுதுவது என்று கடைக்காரருக்கே தெரியவில்லை. வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்?

வங்கிக்காரனாக நாலு யோசனை

விமர்சனம் மட்டும் செய்துவிட்டு ஓடக்கூடாது இல்லையா? எனக்குத் தெரிந்த அளவில்:

1. கெடு முடிந்த பாக்கெட்டைக் கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். பால், ரொட்டிக்கு நடக்கிறது, இதற்கு ஏன் நடக்கக்கூடாது? நஷ்டம் கடைக்காரர் தலையில் விழும்வரை அவர் பழைய சரக்கைத் தள்ளத்தான் பார்ப்பார். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

2. கெடு தேதி அந்தந்த மாநில மொழியில், பெரிய எழுத்தில். ரோஸ் விதையோடு கலக்காதே என்ற எச்சரிக்கையும் அதே அளவில்.

3. ஜூன் விதைப்புக்கு முன், கடைகளிலிருந்து மாதிரி எடுத்து எண்ணிக்கையைச் சோதித்து, முடிவைப் பஞ்சாயத்துப் பலகையில் ஒட்டவேண்டும். அபராதம், வழக்கு எல்லாம் அப்புறம். எந்தத் தொகுதி உயிரோடு இருக்கிறது என்று விதைக்கும் முன் தெரிந்தால் போதும்.

4. இது எங்கள் ஆட்களுக்கு. ஒரு பயிருக்கு ஹெக்டேருக்கு எவ்வளவு கடன் என்று முடிவு செய்வது மாவட்ட அளவிலான தொழில்நுட்பக் குழு. அந்தக் கணக்குத்தாளில் உயிரியல் பொருட்களையும் தொழு உரத்தையும் பெயர் சொல்லி ஒரு வரியாகக் கொண்டுவர வேண்டும். இங்கே பரிந்துரைக்கிற அளவு பெரிய செலவே இல்லை. விதைக்குக் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா, மண்ணுக்கு ஹெக்டேருக்கு இரண்டரைக் கிலோ, அதைக் கலந்து தூவ 50 கிலோ தொழு உரம். அவ்வளவுதான்.

ஐந்தாவதாக ஒன்று உண்டு, அது யோசனை இல்லை, ஆசை. பொடியை ஊரிலேயே பெருக்கிக்கொள்ளலாம். ஒரு கிலோ உயிருள்ள பொடியை 100 கிலோ நன்றாக மக்கிய தொழு உரத்தில் கலந்து, நிழலில், ஈரம் காயாமல், சாக்குப் போட்டு மூடி, சில நாளுக்கு ஒருமுறை கிளறிவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் குவியல் முழுவதும் பச்சைப் பூசணம் படர்ந்துவிடும். வேப்பம்புண்ணாக்கு சேர்த்தால் இன்னும் நல்லது. அந்தப் பச்சையைக் கண்ணால் பார்க்கலாம். பச்சை படரவில்லை என்றால் பொடி செத்தது என்று விதைப்பதற்கு முன்பே ஓரளவுக்குத் தெரிந்துவிடும். (ஓரளவுக்குத்தான். பச்சையாக வளரும் வேறு பூசணங்களும் உண்டு, நண்பர் எச்சரித்தார்.) பெண்கள் சுயஉதவிக் குழுக்கள் அப்பளம் மட்டும்தான் போடவேண்டுமா? இதற்குக் கடன் கேட்டு வந்தால் நான் முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுவேன். இந்த முறை பாக்கெட்டைப் பார்த்துவிட்டு. :-)

இரண்டு பக்கத்து நண்பர்களுக்கும்

ரசாயனக் கட்சி நண்பர்களுக்கு: வாடல் நோய் விஷயத்தில் உங்கள் கையிலும் மந்திரம் ஒன்றும் இல்லை. குழாய்க்குள் புகுந்துவிட்ட பூசணத்தை வயல் முழுவதும் மருந்து ஊற்றி விரட்ட யாருக்கும் கட்டுப்படி ஆகாது. விதையில் பூசும் மருந்து முளைக்கும் பருவத்துக்குத் துணை, ஐந்து மாதப் பயிர் முழுவதற்கும் காவல் இல்லை. வேரோடு சேர்ந்து வளரும் ஒரு காவல்காரன்தான் கூடவே வரமுடியும்.

இயற்கைக் கட்சி நண்பர்களுக்கு: இயற்கை என்பதால் மட்டும் ஒன்று நல்லதாகிவிடாது. பியூசேரியமும் இயற்கைதான்! குறிப்பிட்ட நோய்க்கு எதிராகத் தேர்ந்தெடுத்து, வளர்த்து, எண்ணிப் பார்த்துப் பாக்கெட் போடும் உயிரும், வீட்டில் கரைக்கும் கரைசலும் ஒன்றல்ல. கரைசல் மண்ணுக்கு நல்லது செய்யலாம். அதை வைத்து 'வாடல் வராது' என்று மைக்கில் சொல்லாதீர்கள். சொன்னவன் கதை மேலே இருக்கிறது.

இரண்டு கட்சியும் மறந்துவிடும் இன்னொன்று, நுண்ணுயிர் தனியாளாக நின்று ஜெயிக்காது. முதலில் வாடலைத் தாங்கும் ரகம். இந்த மாவட்ட ஆராய்ச்சி நிலையத்தின் டி.எஸ்.-3ஆர், ஜி.ஆர்.ஜி-811, ஐதராபாத் பக்கத்து இக்ரிசாட் நிறுவனத்தின் 'ஆஷா', 'மாருதி' என்று இருக்கின்றன. அடுத்தது பயிர் மாற்றம். இங்கே பழைய ஆட்கள் துவரையோடு சோளத்தைக் கலந்து விதைப்பார்கள். சோளம் ஊடே இருந்தால் வாடல் குறைகிறது என்று ஆராய்ச்சியும் சொல்கிறது. துவரைக்கு விலை ஏறியதும் சோளத்தை எல்லோரும் எடுத்துவிட்டார்கள். அப்படி விட்டதில் எங்கள் கடன் திட்டங்களுக்கும் பங்கு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். அதற்கும் அப்புறம்தான் நுண்ணுயிர். அது மருந்து இல்லை, காப்பீட்டு பிரீமியம் மாதிரி. விபத்துக்கு முன்னால் கட்டவேண்டும், விபத்துக்குப் பிறகு கட்டுகிறேன் என்றால் எந்தக் கம்பெனியும் வாங்காது.

காகா இப்போது

2025 பருவத்தில் காகா என் பேச்சைக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை. விஞ்ஞானி நண்பரை அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன், அவ்வளவுதான். அவர்கள் இரண்டு பேரும் கன்னடத்தில் ஒரு மணி நேரம் பேசினார்கள், நான் வேடிக்கை பார்த்தேன். ரகம் மாற்றினார். நாலு வரிசைக்கு ஒரு வரிசை சோளம் போட்டார். பூசணக்கொல்லி பூசாத விதை. புதிதாகத் தயாரித்த பொடியை நேரே வாங்கி, மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் குவியல் போட்டுப் பச்சை படரவிட்டு, அதை மண்ணில் சேர்த்தார். அந்தப் பருவத்தில் அங்கங்கே சில செடிகள் வாடின. முந்தின வருடம் மாதிரித் திட்டுத்திட்டாகப் போகவில்லை.

இதில் ரகத்துக்கு எவ்வளவு, சோளத்துக்கு எவ்வளவு, டிரைக்கோடெர்மாவுக்கு எவ்வளவு, மழைக்கு எவ்வளவு என்று என்னைக் கேட்காதீர்கள். நாலு பேர் போட்ட பணம் ஒரே கணக்கில் விழுந்துவிட்டது, பிரித்துச் சொல்ல வவுச்சர் இல்லை. ஒரு வயலை வைத்துத் தீர்ப்புச் சொல்கிற தப்பை நான் ஒருமுறை செய்தாகிவிட்டது. தோற்ற வருடத்துக்கும் அதே நியாயம்தான். அந்த இரண்டு ஏக்கர் போனதற்கு செத்த பொடி மட்டுமே காரணம் என்று என்னால் சத்தியம் செய்யமுடியாது. ஆனால் உயிரோடு இருந்திருந்தால் ஒரு வாய்ப்பாவது இருந்திருக்கும். காசு வாங்கிக்கொண்டு அந்த வாய்ப்பைக் கொடுக்காமல் இருந்ததுதான் மோசடி.

வளையல்களை காகா மீட்டுவிட்டார். அன்றைக்கு நான் லீவு, உதவி மேலாளர்தான் எடுத்துக் கொடுத்தார்.

இப்போது மே, ஜூன் மாதங்களில் கிளைக்கு வருகிறவர்களில் நாலைந்து பேர் பாக்கெட்டோடு வருகிறார்கள். "சாஹேப்ரே, தாரீக்கு பார்த்துச் சொல்லுங்க." காஷியர் பெண்ணுக்கு இது பெரிய தமாஷ். வங்கியா, உரக்கடையா என்கிறாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேதியை வாசித்துச் சொல்கிறேன். என் பி.காமுக்கு எட்டுகிற வேலை அதுதான்.

பி.கு: ஊரில் நிலம் வைத்திருக்கும் நண்பர்கள், அடுத்த முறை வீட்டுக்குப் போன் செய்யும்போது கடையில் வாங்கிய பொடியின் தேதியை ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள். ரோஸ் விதையா என்றும் கேளுங்கள். உங்கள் ஊர்க் கடைகளில் நிலைமை எப்படி என்று பின்னூட்டத்தில் சொன்னால் சந்தோஷம். மைக் மட்டும் கொடுக்காதீர்கள்.